அந்த பட்டர் பேப்பரை வரைந்தது நான்

லாரி ஜாக்கி ஒன்றை வாங்கி, அதிலிருந்து புத்தகம் அழுத்தும் பிரஸ் செய்தவன் நான். கல்யாணச் சமையல் அண்டாவைக் காகிதம் ஊறவைக்கும் தொட்டியாக மாற்றியவன் நான். கொசுவலையையும் மூங்கில் பட்டையையும் சேர்த்துக் கட்டி, ஈரக் காகிதம் சுருங்காமல் உலர ஓர் அடுக்கு செய்தேன்; அதைப் பார்த்துவிட்டுப் போன வெளியூர்க்காரர்கள் தங்கள் ஊரில் இரும்பில் செய்து வைத்துக்கொண்டார்கள். பழைய நாற்காலிகளும் கரையானும் குடியிருந்த ஒரு பின்கட்டை ஆவண அறை ஆக்கினேன். என்னிடம் பசை கிண்டக் கற்றவர்கள் ஹைதராபாத்திலும் சென்னையிலும் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். மகன் பெங்களூரில் இன்ஜினியர், மகள் அமெரிக்காவில். புத்தூரில் மாடி வீடு. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. திருப்பதியில், நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில், போர்க்கால ஆவணங்களுக்கும் எல்லைப் போராட்ட ஆவணங்களுக்கும் ஒரு காட்சிக்கூடம் திறக்கப் போகிறார்கள். திறப்புக்கு முன்பே என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். மூன்றாவது அறையில் ஒரு பட்டர் பேப்பரைத் தேக்குச் சட்டம் போட்டு, மேலே குட்டி விளக்கு வைத்து மாட்டியிருக்கிறார்கள். அச்சகத்தில் படத்தின் மேல் வைத்து வரைவோமே, அந்த மெல்லிய எண்ணெய்த் தாள்தான். கீழே ஒரு அட்டை. 'பொட்டுகளின் வரைபடம். தயாரிப்பு: துறையின் பாதுகாப்புக் குழு.'

எந்தக் குழு என்று கேட்கிறேன். அன்று அந்த மேசை மேல் பென்சில் பிடித்திருந்தது ஒரே ஒரு கை. அது என் கை.

இப்போது துறையை நடத்துவது ஸ்வாதி என்கிற பேராசிரியை. நல்ல பெண்தான். என்னை 'பாபாய்' என்று கூப்பிடுவாள், தெலுங்கில் சித்தப்பா. அட்டையைக் காட்டிக் கேட்டேன்.

"இன்னாம்மா இது, என் பேரு எங்க?"

"அது டீம் ஒர்க் காதா, பாபாய். எல்லார் பேரும் போட்டா கார்டுல எடம் பத்தாது."

"எல்லார் பேரும் எவன் கேட்டான்? என் ஒருத்தன் பேரு போடு. எடம் தாராளமா கீது."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உடனே, "பாபாய், திறப்பு விழா மலருக்கு உங்க அனுபவத்த ஒரு கட்டுரையா எழுதிக் கொடுங்களேன், சின்னவங்க எல்லாம் கேக்கறாங்க" என்றாள். பிள்ளை அழுதால் கையில் பிஸ்கட் கொடுப்பது மாதிரி. சரி, பிஸ்கட்டையும் தின்று பார்த்துவிடுவோம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர், புத்தூருக்குக் கிழக்கே, தமிழ் பேசும் ஊர். எல்லை எந்தப் பக்கம் போகும் என்று பெரியவர்கள் கூட்டம் போட்டுக் கத்திக்கொண்டிருந்த காலத்துக்குக் கொஞ்சம் பின்னால் நான் பள்ளிக்கூடம் போனேன். எல்லை முடிவாயிற்று, எங்கள் ஊர் ஆந்திராவில் விழுந்தது. கொஞ்ச காலத்தில் தமிழ் வாத்தியார் மாற்றலாகிப் போனார். புது வாத்தியாருக்குத் தமிழ் தெரியாது. கரும்பலகையில் இருந்த எழுத்து மாறியது. என் நைனாவுக்கு நிலம் கிடையாது, ஊரார் கழனியில் கூலி. "வூட்ல ஒரு பாஷைக்கே சோறு இல்ல, இன்னொண்ணு எதுக்கு?" என்று சொல்லி மாட்டைக் கையில் கொடுத்தார். மீசை முளைக்கும் வயதில் சித்தூருக்கு ஓடினேன். ஓர் அச்சகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை, பிறகு பசை காய்ச்சும் வேலை, பிறகு பைண்டிங். 'பசை ஏகாம்பரம்' என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம். சான்றிதழ் கேட்கிறவர்கள் என் விரல் நகத்தைப் பார்க்கலாம்.

அந்த அச்சகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நான் சேரும் முன்பு எல்லைச் சண்டை நடந்தபோது, சித்தூர் தமிழருக்கே என்று ஒரு கட்சி நோட்டீஸ் அடிக்க வரும்; சித்தூர் மாதே, அதாவது சித்தூர் எங்களுடையதே, என்று தெலுங்கில் இன்னொரு கட்சி வரும். எங்கள் முதலாளி இரண்டையும் அடித்தார். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. இரு கட்சிக்காரர்களும் வாசலில் சந்தித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது ஃபோர்மேனின் வேலையாம். மிச்சமான தாள்களைத் தூக்கிப் போடவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை தடவி ஒட்டி, கணக்குப் புத்தகங்களுக்கு அட்டை செய்தார்கள். அதற்கு முந்திய யுத்த காலத்திலும் அதே பழக்கம்தான். ஆக, அந்த அச்சகத்து அட்டை ஒவ்வொன்றுக்குள்ளும் சரித்திரம் அடுக்கடுக்காகப் படுத்திருந்தது. இது மற்றவர்களுக்கும் தெரியும். ஊறவைத்துப் பிரிக்க வேண்டும் என்று தோன்றியது எனக்கு மட்டும்.

எப்போது தோன்றியது என்றால், அச்சகம் மூடியபோது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தது, ஆஃப்செட் வந்தது. முதலாளியின் மகன் அமெரிக்கா போனான். ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டார்கள். யாரும் வாங்கிப் போகாத பழைய கணக்குப் புத்தகங்களை நான் மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அண்டாவில் ஊறவைத்தேன். என் வீட்டுக்காரி பட்ட எரிச்சலைச் சொல்லி முடியாது.

"பொங்கலுக்கு அண்டா வேணும்னா இன்னா பண்றது? அட்டையத் துன்றதா?"

தண்ணீரில் அட்டை இளகியது. மேலே எல்லைப் போராட்ட நோட்டீஸ், தமிழும் தெலுங்கும் ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு. அதற்கு அடியில் ரேஷன் அறிவிப்பு. அதற்கும் அடியில் பட்டாளத்தில் சேரச் சொல்லும் நோட்டீஸ், விளக்கை மூடி வைக்கச் சொல்லும் நோட்டீஸ். ஒவ்வொன்றாக உரித்தேன். தோல் உரிக்கிற மாதிரி இல்லை. குழந்தையின் கன்னத்திலிருந்து காய்ந்த சோற்றை எடுக்கிற மாதிரி. நல்லதாகச் சிலவற்றைச் சுருட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போனேன். அங்கே பல்கலைக்கழகத்தில் ஒருவரை எனக்குத் தெரியும். அச்சகத்துக்குப் பைண்டிங் வேலை கொண்டுவந்திருக்கிறார். சம்பத்குமாரன் சார்.

இவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் பேச்சு எடுபடாது. வைஷ்ணவர். வீட்டில் அண்ணன் தம்பிகள் கோயில் கைங்கரியத்தில் இருந்தார்கள், இவர் மட்டும் காகிதத்துக்கு வந்துவிட்டார். நெற்றியில் திருமண், கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பு. அறைக்குள் வருவதற்கு முன் முழங்கை வரை கழுவுவார். வணக்கம் சொன்னால் பதில் கிடையாது, மேசையைத்தான் பார்ப்பார். இத்தனை வருஷத்தில் என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. ஆனால் என் கையால் காய்ச்சிய பசை பூசிய காகிதத்தை மூக்குக்குக் கீழே வைத்து முகர்வார். கோபம் வந்தால் தமிழை விட்டுவிட்டுத் தெலுங்குக்குப் போவார். 'ஏகாம்பரம் காரு' என்று மரியாதை கூடிற்று என்றால் நான் தொலைந்தேன் என்று அர்த்தம். நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு, "சரி, மூடி வை."

அன்று நோட்டீஸை முகர்ந்தார்.

"என்ன பசை?"

"மைதா சார். பூச்சி அண்டாம கொஞ்சம் மயில்துத்தம்."

"மயில்துத்தம் வேண்டாம். காகிதத்தைத் தின்னுடும். பூச்சி தின்னா என்ன, மருந்து தின்னா என்ன? நாளைக்கு வா."

அப்படித்தான் வேலையில் சேர்ந்தேன்.

அவர் எனக்குப் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. தொடுவதற்கு முன் வரை. எந்தக் காகிதம் வந்தாலும், அதன் மேல் பட்டர் பேப்பரை விரித்து, கிழிசல் எங்கே, கறை எங்கே, பூச்சி ஓட்டை எங்கே என்று பென்சிலால் வரைந்த பிறகுதான் தண்ணீரையோ பிரஷ்ஷையோ தொடலாம். நாம் கை வைத்த பிறகு அது வேறு காகிதம் ஆகிவிடும், கை வைக்கும் முன் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும் என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஒருமுறை பூச்சி அரித்த ஒரு நோட்டீஸ் வந்தது, சல்லடை மாதிரி.

"பூச்சி ஓட்டைக்கெல்லாம் ஜாதகம் கணிக்கணுமா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏகாம்பரம் காரு, மீரு கீசாக மாட்லாடதாம்" என்றார். நீங்கள் வரைந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பொருள். வரைந்து முடித்தேன். அவர் பேசவில்லை.

இப்போது அந்தப் பட்டர் பேப்பருக்கு அடியில் இருந்த போட்டோவுக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து ஊர்களில் ஆட்கள் வேகமாகக் காலியானார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலை, சென்னைக்குக் கம்பெனி வேலை, குவைத்துக்கு வீட்டு வேலை. போகிறவர்கள் பெட்டியைக் காலி செய்வார்கள். அதில் யுத்தத்துக்குப் போன தாத்தாவின் காகிதமும் இருக்கும். ஒன்று, அடுப்பில் போடுவார்கள். இல்லையென்றால் அதைவிட மோசம்: பத்திரமாக இருக்கட்டும் என்று திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோய்ச் சூடான பிளாஸ்டிக்கில் வேகவைத்து எடுத்து வருவார்கள். பாஸ்போர்ட் காகிதத்தோடு தாத்தாவையும் சேர்த்து. அந்தப் பிளாஸ்டிக்கை இனி பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது. உள்ளே மை மஞ்சளாகிக்கொண்டே போகும். இந்த லேமினேஷன் மெஷினைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால்... போகட்டும். சம்பத் சார் என்னை ஊர் ஊராக அனுப்பினார். நம் பாஷை, நம் ஜனம், நீ கேட்டால் கொடுப்பார்கள் என்றார். அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி.

அப்படிப் போன ஓர் ஊரில், என் வீட்டுக்காரி பிறந்த ஊர்தான், கன்னியம்மா என்று ஒரு அக்கா. அவளுடைய நைனா, அவள் கைக்குழந்தையாக இருந்தபோது பர்மா சண்டைக்குப் போனவர். திரும்பவில்லை. வீட்டில் ஒரு பெரிய போட்டோ. பட்டாளத்தில் சேர்ந்த புதிதில், சுற்று வட்டாரத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து நிற்கவைத்து எடுத்தது. முழங்கால் வரை துணிப்பட்டி சுற்றி, பெரிய பூட்ஸ் போட்டு நிற்கிறார்கள்; அது பின்னால்தான் தெரிந்தது.

போட்டோவை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். கூரை ஒழுகி மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. கண்ணாடியின் குறுக்கே ஒரு விரிசல். கண்ணாடி மேல் சூடப் புகை அடை அடையாகக் கறுத்துப் போய், அந்தக் கறுப்பில் ஐந்து பெரிய குங்குமப் பொட்டுகள்.

"எதுக்குக்கா அஞ்சு?"

"திரும்பி வராதவங்க அஞ்சு பேரு. எங்க நைனா ஒருத்தரா? மீதி நாலு வூட்லயும் போட்டோ ஏது? சங்கராந்திக்கு எல்லாம் இங்கதான் வருவாங்க. அவுங்க ஆளுக்கு அவுங்க பொட்டு வெச்சிட்டுப் போவாங்க."

எங்கள் பக்கத்தில் சங்கராந்தி என்றால் செத்துப்போன பெரியவர்களுக்குத் துணி வைத்துப் படைக்கிற நாள். செத்த நாள் தெரியாதவர்களுக்கு அது ஒன்றுதான் நாள்.

"புள்ள பெங்களூருக்கு இட்டுக்கினு போறேன்றான்," என்றாள். "ஒத்த ரூம்ல பத்து பேரு கீறாங்களாம். இத்த எங்க மாட்டுவேன்? நீ எடுத்துக்கினு போ. ஆனா சங்கராந்திக்கு நாங்க வருவோம். பொட்டு வெக்க வுடணும்."

"போட்டோ புடிச்சி ஒரு காபி தரேங்க்கா. அதுக்கு வெச்சிக்கோ."

"காபிக்கு வெச்சா காபிக்குத்தான் சேரும்."

சரி என்று வாயை விட்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்ததில், ரேணிகுண்டாவில் என்னை இறக்கிவிடுவதாக மிரட்டினான்.

சம்பத் சார் பார்த்தார். முகர்ந்தார். சூடம், விபூதி, மழை வாசனை. "வரை" என்றார்.

"சார், இதுல இன்னா வரையறது? எல்லாம் கறுப்பு. பொட்டுதான் தெரியுது."

"தெரியறதை வரை."

கண்ணாடி மேல் பட்டர் பேப்பரை விரித்தேன். சட்டத்தின் நாலு மூலையையும் முதலில் குறித்தேன். விரிசலை வரைந்தேன். புகைக்கறையின் ஓரத்தை வரைந்தேன். ஐந்து பொட்டையும், எது எவ்வளவு பெரிசு, எது எந்தப் பக்கம் வழிந்திருக்கிறது என்று வட்டம் வட்டமாக வரைந்தேன். உள்ளே கோடு நிரப்பினேன். முணுமுணுத்துக்கொண்டேதான் வரைந்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் வரைந்தேன்.

பிறகு வேலை. பின்பக்கத்துப் பலகையையும் ஆணியையும் எடுத்தேன். இந்த மாதிரிப் படத்தின் மேல் பரப்பில் ஒரு கோந்துப் பூச்சு இருக்கும். அதுதான் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. வெந்நீரோ ஆவியோ பட்டால் பூச்சு கரைந்து முகமே ஓடிவிடும். பச்சைத் தண்ணீரில் போட்டாலும் ஆபத்து. ஆகவே ஒரு தகரப் பெட்டிக்குள் நனைந்த ஒற்றுத்தாளை அடியில் போட்டு, மேலே கொசுவலைத் தட்டை வைத்து, அதன் மேல் படத்தை வைத்து மூடினேன். தண்ணீர் படாமல் ஈரக்காற்று மட்டும் பட வேண்டும். தினமும் திறந்து ஓரத்தில் நகத்தை வைத்துப் பார்ப்பேன். அதிகம் ஊறினால் பூஞ்சணம், குறைந்தால் பிடிவாதம். ரம்பத் தகட்டைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துத் தாள் மாதிரி ஆக்கிய ஒரு கத்தி என்னிடம் உண்டு. பூச்சு இளகிய நாளில் அதை விரிசல் இருந்த பக்கமாக நுழைத்தேன். ஒரு மூச்சுக்கு ஒரு தள்ளு. சம்பத் சார் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

படம் வந்தது. அத்தனை முகமும் வந்தது. கடைசியில் நின்ற ஓர் ஆளின் இடது பூட்ஸ் மட்டும் கண்ணாடியோடு போய்விட்டது. வேறு யாராவது செய்திருந்தால் தலை போயிருக்கும். அந்த பூட்ஸும் இப்போது காட்சியில் இருக்கிறது, அதற்கும் தனி அட்டை, அதிலும் என் பெயர் இல்லை.

புதுக் கண்ணாடி போட்டேன். இனி எந்த மழையிலும் ஒட்டக் கூடாது என்று, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே சுற்றிலும் அட்டைப் பட்டை வைத்து இடைவெளி விட்டேன். பொட்டு கண்ணாடிக்கு, படம் தனியாக உள்ளே. துடைத்து மேசையில் நிறுத்தியபோது பன்னிரண்டு பேரும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போல் நின்றார்கள். "சரி, மூடி வை" என்றார்.

சங்கராந்தி வந்தது. லீவு நாள். சூடம் கூடாது, எண்ணெய் கூடாது, சோறு வெளியே மரத்தடியில், உள்ளே குங்குமம் மட்டும், அதுவும் கண்ணாடி மேல் மட்டும் என்று சம்பத் சார் நிபந்தனை போட்டு, சாவியோடு அவரே வந்து வாசலில் நின்றார். கன்னியம்மா பெங்களூரிலிருந்து மகனோடு ரேணிகுண்டாவில் வந்து இறங்கினாள். இன்னும் மூன்று வீட்டு ஆட்கள் வந்தார்கள். புதுத்துணி, குங்குமம், பூ.

போட்டோவைப் பார்த்ததும் கையை எடுத்துக் கும்பிட்டார்கள். கன்னியம்மா குங்குமத்தைத் தொட்டு விரலைக் கொண்டுபோனாள். விரல் நடுவில் நின்றது. இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று.

"இன்னாக்கா?"

"எங்க நைனா எதுப்பா?"

நான் அதிர்ந்து போனேன். பக்கத்தில் ஒரு மருமகள் முன்னால் வந்தாள். "எங்க மாமனாரு இவுருதான்."

"ஏண்டி, உங்க மாமனாருக்கு இம்மாம் மூக்கா? உங்க வூட்ல எவனுக்குடி மூக்கு கீது? அது எங்க சித்தப்பா," என்றாள் இன்னொருத்தி.

"உங்க சித்தப்பாவ நீ எப்பப் பாத்த?"

"நீ எப்பப் பாத்த?"

யாருமே பார்த்ததில்லை. அதுதான் விஷயம். சண்டைக்குப் போனவர்களின் பெண்டாட்டிகள் செத்துப் போயிருந்தார்கள். மிச்சமிருந்த மகளுக்கும் மருமகளுக்கும் தெரிந்தது பொட்டு இருந்த இடம். புகையடைந்த கண்ணாடியில் போன வருஷத்துப் பொட்டின் மேலேயே இந்த வருஷத்துப் பொட்டை வைத்து வைத்து, முகத்தை எவரும் பார்த்ததே இல்லை. நான் கண்ணாடியை மாற்றினேன், அவர்கள் ஆட்கள் காணாமல் போய்விட்டார்கள்.

கன்னியம்மா அழவில்லை. என்னைப் பார்த்தாள். "உன்னாண்ட குடுத்தப்போ எங்க நைனா இருந்தாரு," என்றாள்.

வாசலிலிருந்து சம்பத் சாரின் குரல் வந்தது. "ஏகாம்பரம் காரு."

தெலுங்கு. போய் அலமாரியைத் திறந்தேன். பட்டர் பேப்பரை எடுத்து வந்தேன். நாலு மூலைக் குறியையும் சட்டத்தின் நாலு மூலையோடு சேர்த்துப் பிடித்தேன். நான் வரைந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு நெற்றியில் போய் உட்கார்ந்தன. தாளுக்கு அடியில் முகங்கள் தெரிந்தன. மேலே இடது ஓரத்து வட்டம்தான் தன்னுடையது என்று கன்னியம்மாவுக்குத் தெரியும். தாளைத் தூக்கினேன். ஒல்லியாக, காது துருத்திக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற ஒரு பையன். அவளுடைய மகனைவிடச் சின்னவன்.

"இத்தினி வயசுதானா நைனா உனக்கு," என்றாள். பொட்டு வைத்தாள்.

மாமனார் வழக்கும் தீர்ந்தது, சித்தப்பா வழக்கும் தீர்ந்தது. மூக்கு இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. உயிரோடு திரும்பி வந்த எவனோ ஒருவனுடையது. நாலு பொட்டு ஆயிற்று. ஐந்தாவது வட்டத்துக்கு ஆள் வரவில்லை. அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டது, குவைத்தோ எங்கேயோ.

"வுட்டுட்டா இன்னா?" என்றேன்.

"பொட்டு இல்லன்னா உசுரோட கீறாருன்னு ஆயிடும். அலைஞ்சிக்கினு கெடப்பாரு."

"அப்ப நீங்க யாராச்சும் வெய்யுங்க."

"வேற வூட்டு ஆளுக்கு வெச்சா ரெண்டு வூட்டுக்கும் ஆவாது."

என் கையையும் தடுத்தார்கள். நான் அந்த ஊரில் பெண் எடுத்தவன், ஏதோ ஒரு வீட்டுக்கு முறை ஆகிவிடுவேனாம். இந்த முறை கணக்குகளைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது.

"நான் வைக்கலாமோ?" என்று கேட்டது சம்பத் சார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கன்னியம்மாதான் சொன்னாள். "நீங்க எந்த வூடும் இல்லியே சாமி. வெய்யுங்க."

செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தார். "எந்த விரல்?" என்று கேட்டார். மோதிர விரல் என்றார்கள். குங்குமத்தை அவள் கையிலிருந்து தொட்டு எடுத்தார். பட்டர் பேப்பரை மறுபடி பிடிக்கச் சொல்லி இடத்தைப் பார்த்துக்கொண்டு, தாளை விலக்கச் சொல்லி, நெற்றி நடுவில் வைத்தார். பிறகு விரலை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். காகிதத்தில் ஒரு தூசி விழுந்தால் தெலுங்கில் பேசுகிற மனுஷன், நான் பிடித்திருந்த பட்டர் பேப்பரின் ஓரத்தில் விரலைத் துடைத்துவிட்டார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"சரி, மூடி வை," என்றார்.

அந்தச் சிவப்பு இன்னும் அதே ஓரத்தில் இருக்கிறது. காட்சிக்கூடத்துப் புத்தகத்தில் அதை 'சடங்குக் குறி' என்று எழுதியிருக்கிறார்கள். விரல் துடைத்த இடம் அம்மா அது.

சம்பத் சார் இப்போது இல்லை. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். சங்கராந்திக்கு மட்டும் அந்த ஜனங்கள் வருவார்கள், நானும் போவேன். இடையில் ஸ்கேன் செய்கிறவர்கள் வந்தார்கள். கையுறை போட்டுக்கொண்டு, சட்டத்தைப் பிரித்து, கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டுப் படத்தை மட்டும் பிடித்து, உலகமே பார்க்கட்டும் என்று நெட்டில் போட்டார்கள். கன்னியம்மாவின் மகன் பெங்களூரிலிருந்து எனக்குப் போன் செய்தான்.

"மாமா, நெட்ல பாத்தோம். ஒரு பொட்டு இல்ல. எல்லாரும் உசுரோட கீறாங்க. அம்மா சாப்பிட மாட்டேன்றா."

திருப்பதிக்குப் போய்ச் சண்டை போட்டேன். பட்டர் பேப்பரையும் ஸ்கேன் செய்து படத்தின் மேல் போடுங்கள், வேண்டும் என்கிறவன் பொட்டோடு பார்க்கட்டும், வேண்டாம் என்கிறவன் பொட்டில்லாமல் பார்க்கட்டும் என்று சொன்னேன். ஒரு பையன் கம்ப்யூட்டரில் செய்தும் கொடுத்தான். இப்போது விரலால் தொட்டால் ஐந்து பொட்டும் வருகின்றன. வெளியூர்ப் பேராசிரியர்கள் கைதட்டுகிறார்கள். 'மக்கள் பங்கேற்பு முறை: துறையின் வடிவமைப்பு' என்று அதற்கும் பெயர் போட்டாயிற்று.

ஸ்வாதி படித்தவள், உழைப்பவள், அவள் இல்லாவிட்டால் இந்தக் கூடமே வந்திருக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் பொட்டை வரையாமல் கண்ணாடியை எடுத்திருந்தால், அந்த ஐந்து பேர் யார் என்று சொல்ல இன்று பூமியில் ஆள் கிடையாது. பன்னிரண்டு பூட்ஸ்காரர்கள் நிற்கும் ஒரு நல்ல படம் உங்களிடம் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு மேடை வேண்டாம், சால்வை வேண்டாம். வீட்டில் மடித்து வைக்க இடமில்லாத அளவு சால்வை இருக்கிறது. அட்டையை மாற்ற வேண்டும். 'வரைந்தவர்: புத்தூர் ஏகாம்பரம், பைண்டர்.' தமிழிலும் தெலுங்கிலும். வரையச் சொன்னவர் சம்பத்குமாரன் என்று அவர் பெயரும் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் பெயருக்குக் கீழே.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். மூன்றாவது அறைக்குப் போய் அந்த அட்டையைப் பாருங்கள். என் பெயர் இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால், வெளியே வரும் வழியில் பார்வையாளர் கருத்து எழுத ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருப்பார்கள். அதில் காட்சி அருமை, ஏற்பாடு சிறப்பு என்றெல்லாம் எழுத வேண்டாம். என் பெயரை எழுதிவிட்டு வாருங்கள்.